கூரைக்குள் பானை, தூணில் குண்டுத் தழும்பு... தெரியுமா?

பெர்லினில் நொய்யஸ் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வளைவான கூரைக்குள் ஒளிந்திருப்பது என்ன தெரியுமா? மண்பானைகள்! சோறு பொங்கும் பானையல்ல. உள்ளே வெறுமையாக, உருளை வடிவில் சுட்ட மண்கலங்கள். அவற்றை நெருக்கி அடுக்கிச் சாந்து பூசித்தான் கட்டடக் கலைஞர் ஸ்டூலர் வளைவுகளை எழுப்பினார். ரோமானியருக்கே தெரிந்த பழைய வித்தை!

பானை எதற்கு? பாரம் குறையத்தான். ஸ்ப்ரே ஆற்றுத் தீவின் அடிமண் அவ்வளவு மோசம். 1841இல் தோண்டத் தொடங்கியவர்கள், கட்டடம் முழுவதற்கும் கீழே 2,344 மரக்கம்பங்களை இறக்க வேண்டியதாயிற்று. சில கம்பங்களின் நீளம் 18 மீட்டர்! அடித்து இறக்கியது யார் தெரியுமா? வெறும் 5 குதிரைத்திறன் நீராவி இயந்திரம். தண்ணீர் இறைத்ததும் அதுதான், சாந்து குழைத்ததும் அதுதான். கூரை தாங்கும் இரும்போ, ரயில் என்ஜின் செய்த போர்சிக் ஆலையில் உருவானது!

இரண்டாம் உலகப் போரில், 1943இல் குண்டு விழுந்தது. 1945இல் மறுபடியும். மாபெரும் படிக்கட்டு மண்டபம் சுவரோவியங்களோடு எரிந்துபோனது. பிறகு நாற்பது ஆண்டுகள் மழையும் பனியும்தான் குடியிருந்தன. 1980களில்தான் கிழக்கு ஜெர்மனி அரசு அஸ்திவாரத்தில் கை வைத்தது.

வாய் பிளக்க வைக்கும் சங்கதி இனிமேல்தான். 1997இல் சீரமைப்புப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டும், பழங்கட்டட வல்லுநர் ஜூலியன் ஹாரப்பும் கொத்தனாரை உள்ளே விடுவதற்கு முன் என்ன செய்தார்கள் தெரியுமா? அறை அறையாக, சுவர் சுவராகக் கணக்கெடுத்தார்கள்! எந்தப் பூச்சு ஸ்டூலர் காலத்தது, எந்த வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது, எந்தத் தூண் இன்னும் பாரம் தாங்கும், எது தொட்டால் உதிரும்... எல்லாம் பதிவானது. இப்படிப் பார்த்தவர்களுக்குத்தான் எதைத் தொடக்கூடாது என்று தெரியும்! பிழைத்ததைக் காப்பாற்று, போனதை நிரப்பு, ஆனால் புதியது பழையதாக வேஷம் போடக்கூடாது: இதுதான் அவர்கள் முடிவு. புதிதாகச் சேர்ப்பது தனியாகத் தெரிய வேண்டும் என்று பழங்கட்டடப் பாதுகாப்புக்கான வெனிஸ் சாசனமும் 1964இலேயே சொல்லியிருக்கிறது.

அதனால்தான் வெளித் தூண்களில் போர்க்காலக் குண்டுத் தழும்புகள் இன்றும் அப்படியே! எரிந்த படிக்கட்டின் இடத்தில் புதுப் படிக்கட்டு. வெள்ளைச் சிமென்டில் சலவைக்கல் துண்டுகள் கலந்த கான்கிரீட், ஒரு பூவேலைகூடக் கிடையாது. இடிந்த சுவர்களை அடைத்தது பழைய கட்டடங்களில் கழற்றிய செங்கல். 'அந்தக் காலத்தில் இருந்தபடியே கட்டிக் கொடு' என்று சண்டைக்கு வந்த பெர்லின்காரர்களும் உண்டு. அவர்கள் கேட்டபடி நடந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வெறும் நகல்தான்!

வேலை முடிந்ததும் 2009 மார்ச்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. காட்சிப்பொருள் ஒன்றுகூட வந்து சேரவில்லை. வெறும் கட்டடத்தைப் பார்க்கவே பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள்! ஸாஷா வால்ட்ஸ் நடனக் குழுவினர் காலி அறைகளில் நடனமே ஆடினார்கள். அக்டோபரில் இங்கே குடியேறவிருந்த எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சிலை அப்போது எங்கே இருந்தது தெரியுமா? பக்கத்துக் கட்டடத்தில்!