முதல் மாதம் - 9: வாய் திறக்காத வரவேற்பு

ஆடித் தள்ளுபடிக்குச் சில வாரங்கள் முன்பே ஜவுளிக்கடைகள் புது ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிடும். தி.நகர் உஸ்மான் சாலை, மதுரை விளக்குத்தூண், திருச்சி சின்னக்கடை வீதி, கோவை ஒப்பணக்கார வீதி என்று எங்கும் இதே கதைதான். பன்னிரண்டாவது முடித்தவர்கள், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், டிகிரி கையில் இருந்தும் வேறு வேலை அமையாதவர்கள் எனப் பலரும் வந்து சேர்கிறார்கள். துணி மடிப்பது சில நாளில் கைவந்துவிடும். ரகங்களின் பெயரும் விலையும் கொஞ்ச நாளில் மனதில் நின்றுவிடும். ஆனால் படியேறி வரும் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியைப் பார்த்து, "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்க மட்டும் சிலருக்கு வாயே திறப்பதில்லை.

சென்ற வாரம் நேர்முகத் தேர்வைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் தேறி, வேலையிலும் சேர்ந்த பிறகு வருகிற இந்தப் பயத்தைத் தாண்டாமல் இந்தத் தொடரை மேலே கொண்டுபோக முடியாது. முதல் மாதத்திலேயே பெட்டியோடு ஊர் திரும்பும் பிள்ளைகள் "வேலை பிடிக்கல" என்பார்கள், "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல" என்பார்கள். "மனுசங்ககிட்டப் பேசப் பயமா இருந்துச்சு" என்று சொல்ல யாருக்கும் நா எழுவதில்லை. சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதிலும் தெரிந்ததுதான்: "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? தைரியமா பேசு!"

தைரியமாகப் பேசச் சொல்வதால் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடுவதும் இதற்கு மருந்தில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. அறைத் தோழியிடம் விடிய விடியப் பேசுகிறவர்கள்தான். தன்னை ஒருவர் எடை போடுகிறார் என்ற எண்ணம் வந்த கணத்தில்தான் தொண்டை அடைக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கன்னம் சூடாகிறது. ஐநூறு ரூபாய் விலைச்சீட்டை ஐயாயிரம் என்று வாசிக்கிறது கண்.

அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள். 1995இல் வெளியான அவர்களுடைய விளக்கத்தின் சாரம் இது. சமூகப் பதற்றம் உள்ளவரின் கவனம் எதிரே நிற்பவரை விட்டு நழுவித் தன்மீதே திரும்பிவிடுகிறது. "என் குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, முட்டாள் மாதிரித் தெரிகிறேனா?" என்று தன்னையே வேவு பார்க்கத் தொடங்குகிறார். உடம்பில் தோன்றும் படபடப்பை வைத்து, தான் வெளியே எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை மனதில் வரைந்துகொள்கிறார். படம் கோரமாக இருக்கிறது. அது உண்மையா என்று சரிபார்க்க வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் பார்ப்பதில்லை.

கிளார்க்கின் குழுவினர் சிகிச்சையில் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பயப்படுகிறவர் ஒருவரோடு பேசுவதை வீடியோ எடுத்து, அதை அவருக்கே போட்டுக் காட்டுவார்கள். பார்ப்பதற்கு முன்பு, தான் எப்படித் தெரிவோம் என்று அவரையே விவரிக்கச் சொல்வார்கள். அதன் பிறகு திரையில் தெரிகிறவர் பெரும்பாலும் அந்த வர்ணனையைவிட வெகு சாதாரணமாக இருப்பார். பூகம்பமாகத் தோன்றிய கை நடுக்கம் திரையில் கண்ணுக்கே படாது.

பிறர் நம்மைக் கவனிக்கும் அளவையும் நாம் கூட்டித்தான் போடுகிறோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, சக மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். ஜவுளிக்கடைக்கு வரும் அக்காவுக்கு மகளின் சீமந்தப் புடவை, கையிலிருக்கும் பட்ஜெட், கீழே ஸ்கூட்டர் நிறுத்திய இடம் என்று ஆயிரம் யோசனை இருக்கும். விற்பனைப் பெண்ணின் குரல் ஒரு நொடி கம்மியதை நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இனிச் சொல்லப்போவது நுட்பமானது, பயத்தை வருடக்கணக்கில் வளர்ப்பதும் இதுதான். பயந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சில தந்திரங்களைக் கையாள்கிறார்கள். கடைத்தளத்தில் நின்று பார்த்தால் எல்லாமே கண்ணில் படும். வாடிக்கையாளர் வரும்போது, ஏற்கெனவே அடுக்கிய புடவைகளைக் குனிந்து மறுபடி அடுக்குவது. கை நடுங்குவது தெரியாமல் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொள்வது. விலையை மென்று விழுங்கிச் சொல்வது, அல்லது மூச்சுவிடாமல் கொட்டித் தீர்ப்பது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் மூன்று தடவை ஒத்திகை பார்ப்பது. ஸ்டாக் எடுத்து வருகிறேன் என்று குடோனுக்குள் போய் நின்றுகொள்வது. தோழி பேசட்டும் என்று அவளுக்குப் பின்னால் ஒதுங்குவது.

குடோனுக்குள் போனதும் நெஞ்சு அடங்கும். ஆனால் அந்த நிம்மதி உடம்புக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது: 'ஓடியதால்தான் பிழைத்தோம்.' அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். தளத்திலேயே நின்றிருந்தால் படபடப்பு ஒரு உச்சத்துக்குப் போய், சிறிது நேரத்தில் தானாகவே இறங்கியிருக்கும். அதை ஒருமுறை கூட அனுபவிக்க விடாமல் அந்தத் தந்திரங்கள் தடுத்துவிடுகின்றன. இன்னொரு கெடுதலும் உண்டு. முகம் பார்க்காமல், மெதுவாக முனகும் பெண்ணை வாடிக்கையாளர் திமிர் பிடித்தவள் என்றோ அக்கறை இல்லாதவள் என்றோ நினைத்துக்கொள்கிறார். அவர் முகம் சுளிக்கிறார். பயந்தது நடந்தேவிடுகிறது.

ஆகவே வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே பேசுங்கள், ஆனால் கண்ணை உங்கள்மீதிருந்து எடுத்து அவர்மீது வையுங்கள். வந்திருப்பவர் கட்டியிருக்கும் புடவை பருத்தியா பட்டா, பார்டர் சின்னதா பெரிதா, எந்த நிறத்தின் பக்கம் அவர் கை இரண்டாவது முறை போகிறது என்று பாருங்கள். அடக்கமான சாயல் கேட்கிறாரா, பளிச்சென்று கேட்கிறாரா? கூட வந்த மாமியாரின் முகம் என்ன சொல்கிறது? இதைக் கவனிப்பதுதான் விற்பனை. இந்த வேலையில் உங்கள் மனம் மூழ்கியிருக்கும் வரை, உங்களை வேவு பார்க்க அதற்கு ஓய்விருக்காது. நீங்களே ஒத்துப்பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரிடம் வழக்கம்போலக் குனிந்து, அடுக்கிக்கொண்டே பேசுங்கள். அடுத்தவரிடம் கையைத் தளர விட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். எது சுலபமாகப் போனது என்று பிறகு யோசியுங்கள்.

கவுண்டர் வேலைக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, பலரும் அதை நினைப்பதில்லை. கல்யாண வீட்டில் தெரியாத உறவினரோடு பேசுவதைவிடக் கடையில் பேசுவது எளிது. கல்யாண வீட்டில் பேச்சுக்கு நீங்களே பொருள் தேட வேண்டும். கடையில் இருவருக்கும் நடுவே ஒரு புடவை விரிந்து கிடக்கிறது. இருவர் கண்ணும் அதன்மேல்தான். பேச்சுக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. பில் போட்டதும் அவர் போய்விடுவார். ஒரு உரையாடல் சொதப்பினாலும் அடுத்தது கொஞ்ச நேரத்தில் படியேறி வந்துவிடும். இத்தனை சின்னச் சின்னச் சந்திப்புகளை ஒரே நாளில் தரும் இடம் வேறெங்கே கிடைக்கும்? கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கேட்டதற்கு மேல் வளவளக்காமல், கேட்பவரின் மனதை நிதானமாகப் பிடித்துக்கொள்ளும் விற்பனையாளரைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் கடினமானதில் கை வைக்க வேண்டாம். 'டிரையல் ரூம் எங்கே, லிஃப்ட் எங்கே' என்று கேட்பவர்களுக்கு வழி காட்டுவதில் தொடங்கலாம். பிறகு வரவேற்பது, பிறகு எடுத்துக் காட்டுவது, அதற்கும் பிறகு பேரம். வாங்கிய துணியை மாற்ற வரும் கோபக்காரர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் உடம்பு அலுத்துப்போகும் வரை நின்ற பிறகு அடுத்த படி. "ஒரு நிமிஷம்கா, கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியத்தை மட்டும் முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி கிடையாது. தெற்கத்திப் பேச்சோ கொங்குப் பேச்சோ, ஊர்ப் பேச்சை மறைக்கவும் முயல வேண்டாம். மறைக்கிற வேலையே பாதி சக்தியைத் தின்றுவிடும்.

வயிற்றையும் கவனியுங்கள். காலையில் சாப்பிடாமல் இரண்டு காபியோடு தளத்துக்கு வந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்தப் படபடப்பைப் பயம் என்று மனம் பெயர் வைத்துக்கொள்ளும். கூட்டம் குறைந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிச் சில தடவை விட்டுப் பாருங்கள், உடம்பு இறங்கிவரும்.

இரவுதான் பலருக்கு மோசம். ஹாஸ்டலில் விளக்கை அணைத்ததும், மதியம் பதினோரு மீட்டரைப் பன்னிரண்டு என்று சொன்னது திரும்பத் திரும்ப ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தப்பு கொஞ்சம் வளரும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 'எனக்குத் தோன்றியது' என்று ஒரு பக்கம், 'உண்மையில் நடந்தது' என்று எதிர்ப்பக்கம். "அவர் என்னை மட்டமாக நினைத்தார்" என்று இடப்பக்கம் எழுதினால், வலப்பக்கத்தில் அவர் சொன்னதையும் செய்ததையும் மட்டுமே எழுத வேண்டும். "இரண்டு சுடிதார் எடுத்தார், பில் போட்டார், போனார்" என்பதற்கு மேல் அங்கே பெரும்பாலும் எதுவும் வராது.

வாடிக்கையாளர் உண்மையிலேயே கத்தினால்? அது உங்கள் மனதின் கற்பனை இல்லை, உங்கள் குறையும் இல்லை. கண்ணியமில்லாமல் பேசுகிறவரைச் சிரித்துக்கொண்டே தாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். மூத்தவரைக் கூப்பிடுங்கள். சம்பளத்துக்காகச் சிரிப்பையும் பொறுமையையும் வரவழைத்துக்கொள்வதும் உழைப்புதான் என்று ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இலேயே புத்தகம் எழுதினார். அந்த உழைப்பு ஆளைக் களைக்க வைக்கும். களைப்பைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் இவ்வளவு போதாது. கூச்சம் சுபாவம். ஆனால் பயம் ஆறு மாதத்துக்கும் மேலாக நீடித்து, வேலைக்குப் போவதை, பேருந்தில் சில்லறை கேட்பதை, பிறர் முன் சாப்பிடுவதைக்கூடத் தவிர்க்க வைத்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பான நைஸ், 2013இல் வெளியிட்ட பரிந்துரையில் பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையைச் சொல்லவில்லை. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சையைத்தான் சொன்னது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் படபடப்புக்கு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தான மாத்திரையும் அவற்றில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, ஃப்ளோர் சூப்பர்வைசர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்தவரை வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டாதீர்கள். தப்பு நடந்தால் கூட்டம் போன பிறகு தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பொறுமையான ஒரு மூத்த ஊழியரோடு ஜோடி சேர்த்து விடுங்கள். விற்பனைக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். உட்கார நாற்காலி போடுங்கள். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாள் முழுக்க நின்று கால் கடுக்கிற பிள்ளையிடம் மலர்ந்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த ஆடிக்கு உங்கள் கடையில் சேரப்போகும் பிள்ளைகளிடமிருந்தே இதைத் தொடங்குங்கள்.

(தொடரும்)