தென்னை வெள்ளை ஈ: கைபேசியில் படமெடுக்கும் முறை

தென்காசி, குற்றாலம் வட்டாரத் தென்னை விவசாயிகள், ஓலையில் கரி பூசினாற்போல் படலம் கண்டால் உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கீற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் தூளோடு முட்டைகள் சுருள் சுருளாக இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டிய பூச்சி இது.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிக் களப்பயிற்சி பெறுகிறார்கள். அவர்களோடோ உங்கள் வேளாண் அலுவலரோடோ வாட்ஸ்அப் தொடர்பு வைத்துக்கொண்டால், நீங்கள் அனுப்பும் படத்தை வைத்தே மாணவரும் பாடம் படிப்பார். உங்களுக்கும் யோசனை வரும். ஆனால் தூரத்தில் நின்று மரத்தை மட்டும் எடுத்தால் எந்தப் பேராசிரியராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கீற்றின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் பூச்சியின் அளவு தெரியும். சாரல் நாளில் முதலில் லென்சைத் துடையுங்கள். மரத்தின் வயது, கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவற்றையும் எழுதி அனுப்பவும்.

கிட்டத்துப் படத்தில் கூட்டுப்புழுக்கள் கறுத்திருந்தால் என்கார்சியா என்னும் சிறு குளவி வந்துவிட்டது என்று பொருள். வெள்ளை ஈயை அழிப்பது அதுதான். யாரோ எழுதிச் சுற்றுக்கு விட்ட 'கைகண்ட மருந்து' செய்தியை நம்பிப் பூச்சிமருந்து அடித்தால் குளவி மடியும், ஈ பெருகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம்; தண்ணீரை விசையாகப் பீய்ச்சலாம். கரும்படலத்துக்கு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை கலந்து தெளித்தால், காய்ந்ததும் படலம் உரிந்து விழும்.