பாதியில் நின்ற ஓட்டம், நிற்காத நன்கொடை

1980 ஏப்ரல் 12 அன்று, கனடாவின் கிழக்குக் கோடியான செயின்ட் ஜான்ஸ் நகரில், 21 வயது டெர்ரி ஃபாக்ஸ் தமது செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாட்டைக் குறுக்காகக் கடந்து பசிபிக் கரையைத் தொடுவதும், வழிநெடுகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதும் திட்டம். அந்த ஓட்டத்துக்கு 'நம்பிக்கை மாரத்தான்' என்று பெயர்.

ஃபாக்ஸுக்கு 18 வயதில், 1977இல், எலும்புப் புற்றுநோய் வந்தது. வலது காலை முழங்காலுக்குச் சுமார் 15 செ.மீ. மேலே வெட்டி எடுத்தார்கள். பிழைக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் அது 15 சதவீதம்தான். இடையில் மேம்பட்டிருந்தது சிகிச்சை. அதற்குப் பின்னால் இருந்தது ஆராய்ச்சி. ஆறுதல் நிதி, மருத்துவமனைக் கட்டடம் என்றெல்லாம் கேட்காமல் அவர் ஆராய்ச்சிக்கே கேட்டதன் காரணம் இதில் இருக்கிறது.

ஓட்ட இலக்கு நாளொன்றுக்கு சுமார் 42 கி.மீ.; அதாவது தினமும் ஒரு முழு மாரத்தான். அன்றைய செயற்கைக் கால் நடப்பதற்கென்று செய்யப்பட்டது. அதன் முழங்கால் முன்னால் வீசி வர நேரம் பிடிக்கும். அதுவரை நல்ல காலாலேயே இரண்டு எட்டுத் தாவ வேண்டும். தாவல், தாவல், பிறகு ஒரு எட்டு: படக்காட்சிகளில் இன்றும் தெரியும் நடை இது. வெட்டுப்பட்ட காலின் நுனி உராய்ந்து ரத்தம் கசிந்ததும் உண்டு. நண்பர் டக் ஆல்வர்ட் வேனில் கூடவே வந்தார்.

தொடக்கத்தில் பணம் சீராக வரவில்லை. சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட்-ஓ-பாஸ்க் ஊர் 10,000 டாலர் திரட்டிக் கொடுத்தது. கியூபெக் மாகாணத்திலோ பெரும்பாலோருக்கு இவர் யாரென்றே தெரியவில்லை. ஒன்டாரியோவில் நிலைமை தலைகீழாக மாறி, டொராண்டோவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

செப்டம்பர் 1 அன்று, தண்டர் பே அருகே, மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் அவரை நிறுத்தின. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்கள், 5,373 கி.மீ. ஓடியிருந்தார், சேர்ந்திருந்தது 17 லட்சம் டாலர். ஒரு வாரத்துக்குள் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றே 1 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் என்பது அவர் கேட்டிருந்த கணக்கு. 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடியைத் தாண்டி, அந்தக் கணக்கு நேரானது. ஆக, பெரும்பணம் வந்தது அவர் ஓட்டம் பாதியில் நின்ற பிறகுதான்.

1981 ஜூன் 28 அன்று அவர் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடந்து 35 லட்சம் டாலர் திரட்டியது. ஆண்டுதோறும் தொடரும் இந்த ஓட்டத்துக்கு, அவர் விரும்பியபடியே, வெற்றியாளர் கிடையாது, பரிசு கிடையாது. நடந்தும் போகலாம். சென்னையில் ஐஐடி வளாகத்திலும் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது.