சுல்தான் கானின் இரண்டு யானைகள்

இராதாபுரம் வட்டாரப் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் சதுரங்கப் போட்டிகளைக் காணுந்தோறும் ஒன்றைக் கவனித்து வருகின்றோம். ராணி வெட்டுப்பட்டதும் மாணவன் முகம் வாடிக் கை கொடுத்து எழுந்துவிடுகின்றான். அதற்கு ஈடாகத் தான் பெற்றது என்னவென்று எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகையோர்க்கு நாம் எடுத்துரைக்கும் ஆட்டம் ஒன்றுண்டு.

நால்வகைப் படையைக் குறிக்கும் 'சதுரங்கம்' பாரசீகம் வழியே அரபு மக்களிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி, அவர்கள் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. பல நூற்றாண்டுகள் கழிந்து, பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் அவ்வாட்டத்தை ஐரோப்பியரோடு ஆடச் சென்றார். சிப்பாய் முதல் நகர்வில் இரு கட்டம் தாண்டவியலாத நம் நாட்டு முறையில் ஆடிப் பழகியவர் அவர். 1929இல் இலண்டன் சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவர்முன் அமர்ந்தவர், 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக விளங்கிய கியூபாவின் கபாபிளாங்கா. ஒருவர் தம் நாட்டு அயலுறவுத் துறையில் பதவி வகித்தவர். மற்றவர் உமர் ஹயாத் கான் என்னும் நிலக்கிழாரின் ஆதரவில் இருந்தவர். (சுல்தான் கானை 'வேலைக்காரர்' என்றே மேலைநாட்டார் எழுதி வந்தனர். அவர்தம் குடும்பத்தார் அதனை மறுத்துள்ளனர். மறுப்பும் பதிவாக வேண்டுமென்பது நம் கருத்து.)

கபாபிளாங்காவின் யானைகள் இரண்டும் திறந்த வரிசை வழியே பாய்ந்து வெள்ளை அரசனுக்கு 'செக்' வைத்தன. சுல்தான் கான் கலங்கவில்லை. ராணியைக் கொடுத்தார், அவ்விரு யானைகளையும் பெற்றார். வழக்கமான கணக்கில் ராணிக்கு 9 புள்ளி. யானை ஒன்றுக்கு 5. ஆயினும் கணக்கு மட்டும் போதாது. ராணிக்கு வேண்டுவது திறந்த வெளியும் காவலற்ற இலக்கும். அங்கே நடுவில் பூட்டிக்கொண்டு நின்ற சிப்பாய்கள் அதன் வழிகளை அடைத்தன. யானைகளோ ஒரே இலக்கை இருமுறை தாக்க வல்லவை; தனியொரு ராணியால் ஒருமுறையே காக்கவியலும். 65ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. வென்றவர் சுல்தான் கான்.

1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டம் அவருக்கே. 1966இல் மறைந்த அவருக்கு, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிற்று. 1933இல் பெண்களுக்கான பிரிட்டிஷ் பட்டத்தை வென்றவரும் அதே இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்னும் பெண்மணியே. எம் மாணவியர் அவரைப் பற்றியே மிகுதியாக வினவுகின்றனர்.