உத்திநிலைச் சுற்றுச்சூழல் மதிப்பீடு: வட இலங்கை தரும் பாடம்

அரசு ஒரு சாலையையோ துறைமுகத்தையோ சுரங்கத்தையோ அமைக்க முற்படும்போது, அதனால் நிலத்திற்கும் நீருக்கும் மக்களுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்னரே ஆராய்தல் வேண்டும் என்னும் கோட்பாடு இன்று பல நாடுகளில் சட்டமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவ்வாராய்ச்சி எந்தக் கட்டத்தில் நடைபெறுகிறது, யாரைக் கேட்டு நடைபெறுகிறது என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமையும். இக்கட்டுரையில் நாம் 'உத்திநிலைச் சுற்றுச்சூழல் மதிப்பீடு' என வழங்கும் முறையின் பொருளையும், அதற்கு வழிகாட்டும் நூல்களையும், வட இலங்கையில் அது கையாளப்பட்ட விதத்தையும் ஆராய்வோம். இலங்கையில் இதனை 'மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு' என்பர்.

1. சொல்லும் பொருளும்

முதலில் இரண்டு மதிப்பீடுகளை வேறுபடுத்தி அறிதல் நலம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் கட்டப்படவிருக்கும் ஒரு குறிப்பிட்ட ஆலையை அல்லது அணையை ஆராய்வது 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' ஆகும். இத்தகைய பணியை இங்கு 'தனித்திட்டம்' என்போம். ஒரு மாகாணத்தின் நிலப் பயன்பாடு, ஒரு நாட்டின் மின்சாரக் கொள்கை, ஓர் ஆற்றுப் படுகையின் நீர்ப் பங்கீடு போன்றவற்றை வகுக்கும் ஆவணத்தைப் 'பெருந்திட்டம்' என்போம். பெருந்திட்டம் உருவாகும் வேளையிலேயே அதனை ஆராய்வது உத்திநிலை மதிப்பீடு.

தனித்திட்டத்தை ஆராய்கின்றவர், 'இந்த அனல்மின் நிலையத்தின் சாம்பலை எங்கே கொட்டுவது?' என்று கேட்கிறார். பெருந்திட்டத்தை ஆராய்கின்றவரோ, 'இப்பகுதிக்கு எவ்வளவு மின்சாரம் தேவை? அதனை நிலக்கரியால் பெறுவதா, காற்றால் பெறுவதா? எந்தக் கடற்கரையைத் தொடாமல் விடுவது?' என்று கேட்கிறார். முதல் வினா எழும்போது இரண்டாம் வினாவுக்கான விடை பெரும்பாலும் முடிவாகிவிட்டிருக்கும். மக்கள் பொது விசாரணைக்கு அழைக்கப்படும் நாளில் நிலம் குறிக்கப்பட்டு, கடன் ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருப்பதை நாம் பலமுறை காண்கிறோம். இக்குறையை நீக்கவே உத்திநிலை மதிப்பீடு தோன்றியது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1970 ஜனவரி முதல் நாளில் கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இத்துறைக்கு முன்னோடியாகும். அதன் சொற்கள் சட்ட முன்வரைவுகளையும் உள்ளடக்கியிருந்தபோதிலும், நடைமுறையில் தனித்திட்டங்களே மிகுதியாக ஆராயப்பட்டன. இலங்கையில் 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988-இல் திருத்தப்பட்டபோது தாக்க மதிப்பீடு சட்டத்தில் இடம்பெற்றது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் அறிவிக்கையும், அதற்குப் பதிலாக வந்த 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையும் தனித்திட்டங்களையே கட்டுப்படுத்துகின்றன. பெருந்திட்டங்களைப் பொதுவாக இம்மதிப்பீட்டுக்கு உட்படுத்தும் கட்டாயம் அவ்வறிவிக்கைகளில் இல்லை.

2. வழிகாட்டும் ஆவணங்கள்

இம்முறையைக் கற்க விரும்புவோர்க்குச் சில ஆவணங்கள் அடிப்படையானவை. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிறப்பித்த நெறிமுறை முதலாவதாகும். வேளாண்மை, காடு, மீன்பிடி, ஆற்றல், தொழில், போக்குவரத்து, கழிவு, நீர், தொலைத்தொடர்பு, சுற்றுலா, நிலப் பயன்பாடு ஆகிய துறைகளின் பெருந்திட்டங்களை அது மதிப்பீட்டுக்கு உட்படுத்துகிறது. உறுப்பு நாடுகள் 2004 ஜூலைக்குள் அதனைத் தம் சட்டமாக்க வேண்டியிருந்தது. கீவ் நகரில் 2003-இல் கையெழுத்தாகி 2010-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நெறிமுறை, மக்களின் உடல்நலத்தையும் மதிப்பீட்டின் பகுதியாக வலியுறுத்துகிறது. ஸ்காட்லாந்து 2005-இல் இயற்றிய சட்டம் ஐரோப்பிய நெறிமுறையையும் கடந்து, அரசின் கொள்கை உத்திகளையும் மதிப்பீட்டுக்குள் கொணர்ந்தது.

வளரும் நாடுகளுக்கு மிகவும் பயன்படுவது, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2006-இல் வெளியிட்ட கையேடாகும். உதவி வழங்கும் நாடுகளையும் பெறும் நாடுகளையும் மனதிற்கொண்டு அது எழுதப்பட்டது. பன்னாட்டுத் தாக்க மதிப்பீட்டுச் சங்கம் 2002-இல் வெளியிட்ட சிறு பிரசுரமோ, நல்ல மதிப்பீட்டின் இலக்கணத்தை ஆறு பண்புகளில் அடக்குகிறது: அது திட்டமிடலோடு இணைந்திருக்கும், நிலைத்த வளர்ச்சியை நாடும், தேவையானவற்றில் மட்டும் கருத்தைச் செலுத்தும், பொறுப்புக் கூறும், மக்கள் பங்கேற்புக்கு இடமளிக்கும், தேவையெனில் மீண்டும் மீண்டும் திருத்தப்படும்.

இவ்வாவணங்கள் கூறும் படிமுறை ஏறக்குறைய ஒன்றே. மதிப்பீடு தேவையா என்பது முதலில் தீர்மானிக்கப்படும். பின்னர் எவற்றை, எவ்வளவு விரிவாக ஆராய்வது என்று வரையறுக்கப்படும். மூன்றாவதாக, இன்றைய நிலை யாது, பெருந்திட்டம் நிறைவேறாவிடில் அந்நிலை எவ்வாறு மாறும் என்பது பதிவு செய்யப்படும். நான்காவதாக, நியாயமான மாற்று வழிகள் ஒப்பிடப்படும். அதன்பின் அறிக்கையும், துறை அறிவற்றவரும் படிக்கத்தக்க சுருக்கமும் வெளியிடப்பட்டு மக்களின் கருத்துக் கேட்கப்படும். முடிவெடுத்த அரசு, அக்கருத்துகளை எவ்வாறு ஏற்றது என்றும், மற்ற வழிகளை விடுத்து இவ்வழியைத் தெரிந்துகொண்டதன் காரணம் யாதென்றும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இறுதியாக, விளைவுகள் தொடர்ந்து கண்காணிக்கப்படும்.

இப்படிகளுள் உயிர்நாடியானது மாற்று வழிகளின் ஒப்பீடே. ஒரே வழியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் தீமைகளைக் குறைப்பது எப்படி என்று கூறும் அறிக்கை, எத்தனை பக்கங்கள் கொண்டதாயினும், உத்திநிலை மதிப்பீடு ஆகாது.

3. வட மாகாணத்தில் நடந்தது

இலங்கையின் வட மாகாணம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்னும் ஐந்து மாவட்டங்களைக் கொண்டது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின், சாலை, வீடு, மின்சாரம், சுரங்கம், சுற்றுலா என எல்லாத் துறைகளும் ஒரே வேளையில் நிலத்தை நாடின. ஒவ்வொரு துறையும் தன் வழியே சென்றால் ஒன்றன் திட்டம் மற்றொன்றை அழிக்கும் என்பது வெளிப்படை. ஆகவே மாகாணம் முழுமைக்கும் ஓர் ஒருங்கிணைந்த உத்திநிலை மதிப்பீடு மேற்கொள்ளப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதனை முன்னின்று நடத்தின. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் சுற்றுச்சூழல் திட்டமும் துணைநின்றன. அறிக்கை 2014 அக்டோபரில் வெளிவந்தது.

பல துறைகள் தத்தம் வரைபடங்களைக் கொணர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தன. காடும் கனிமமும், தொல்பொருள் தலமும் குடியிருப்பும், வெள்ள அபாயப் பகுதியும் தொழிற்பேட்டையும் எங்கெங்கே மோதுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. மோதலில்லாத இடங்கள் வளர்ச்சிக்கு ஏற்றவையாகக் குறிக்கப்பட்டன. சுண்டிக்குளத்தைத் தேசியப் பூங்காவாக உயர்த்துமாறு அறிக்கை பரிந்துரைத்தது; 2015 ஜூன் மாதத்தில் அது அவ்வாறே அறிவிக்கப்பட்டது. மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவுப் பகுதி 2016-இல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. ஓர் அறிக்கை அலமாரியில் உறங்காமல் செயலாக மாறியதற்கு இவை சான்றுகள்.

4. நீரைப் பற்றிய வினா

எனினும் மாகாணத்தின் மிகப்பெரிய சிக்கல் நீரே ஆகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு உண்டு. சுண்ணாம்புப் பாறையினுள் தங்கும் மழைநீரையே கிணறுகள் நம்பியுள்ளன. அந்நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் ஏறும். வயல்களில் இடும் உரமும் மலக்குழிகளின் கசிவும் நைட்ரேட்டாக அதில் கலக்கின்றன.

இந்நிலையில், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குக் குடிநீர் கொணரும் திட்டத்திற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2010-இல் கடனுதவி வழங்க இசைந்தது. குளத்து நீரை நம்பிப் பயிரிடும் கிளிநொச்சி உழவர்கள் அதனை எதிர்த்தனர். தாகத்தோடிருக்கும் குடாநாட்டு மக்களும், போரினால் அனைத்தையும் இழந்து வயலுக்குத் திரும்பிய உழவர்களும் ஒருவருக்கொருவர் எதிராக நிற்க நேர்ந்தது. இறுதியில் திட்டம் மாற்றப்பட்டு, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நீர் தரவல்ல அந்நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கும் அப்பகுதியின் கடற்றொழிலாளர் தம் அச்சத்தைத் தெரிவித்திருந்தனர்.

இங்கு நாம் எவரையும் குறைகூற முற்படவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய வினா வேறொன்று. 'இரணைமடுவிலிருந்து குழாயை எவ்வழியாகக் கொண்டுசெல்வது?' என்பதற்கு முன்னதாக, 'குடாநாட்டின் நீர்த் தேவையை நிறைவேற்ற உள்ள வழிகள் யாவை?' என்பது மக்கள் முன்னிலையில் ஆராயப்பட்டிருக்க வேண்டும். நிலத்தடி நீரைக் காத்தல், குளங்களைத் தூர்வாருதல், கழிவுநீரை முறைப்படுத்தல், கடலேரிகளை நன்னீராக்குமாறு பொறியாளர் ஆறுமுகம் 1950-களில் முன்வைத்த யோசனை, கடல்நீரைச் சுத்திகரித்தல் ஆகிய யாவும் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருந்தால், இரு மாவட்ட மக்களிடையே எழுந்த கசப்பு பெரிதும் தவிர்க்கப்பட்டிருக்கலாம். உத்திநிலை மதிப்பீடு இயற்கையை மட்டுமல்லாமல் அயலாரிடையே உள்ள உறவையும் காக்கும் கருவி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

5. இரண்டு குறைபாடுகள்

வட மாகாண முயற்சியின் நன்மைகளைக் கூறிய நாம் அதன் வரம்புகளையும் கூறுதல் முறையாகும்.

முதலாவது, காலத்தைப் பற்றியது. போர் முடிந்த ஆண்டில் இலட்சக்கணக்கான மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவற்றுள் மிகப்பெரியதாகிய மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில் நடைபெற்றது. அறிக்கை உருவான ஆண்டுகளில் பெரும்பகுதி, நிலத்திற்கு உரியவர்கள் நிலத்தில் இல்லாத காலமாகவும், அவர்களுக்குத் தேர்ந்தெடுத்த மாகாண அவை இல்லாத காலமாகவும் இருந்தது. கைவிடப்பட்ட வயல்களிலும் தோட்டங்களிலும் இருபது, முப்பது ஆண்டுகளில் மரங்கள் அடர்ந்தன. வானிலிருந்து எடுத்த படத்தில் அது காடாகவே தோன்றும். அதன் நடுவே தன் கிணறு உள்ளதென்று ஊரார் மட்டுமே கூறக்கூடும். திரும்பி வந்த குடும்பங்களுக்கும் வனத்துறையினருக்கும் இடையே இன்றளவும் எழுகின்ற நில வழக்குகளுக்கு இது ஒரு காரணமாகும். காட்டைக் காப்பது நன்று; ஆனால் வரைபடம் வரையப்படும் அறையில் ஊரார் இல்லாதபோது, காட்டைக் காப்பதே ஏழைக்கு அநீதியாக முடியக்கூடும்.

இரண்டாவது, அதிகாரத்தைப் பற்றியது. இம்மதிப்பீட்டின் பரிந்துரைகளுக்குத் தம்மில்தாமே சட்ட வலிமை இல்லை. விடத்தல்தீவு ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் அறிவித்தல் 2024 மே மாதத்தில் அரசிதழில் வெளியாயிற்று. சூழல் ஆர்வலர்கள் வழக்குத் தொடுக்க, அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. பல துறைகள் கூடி ஆராய்ந்து எட்டிய கருத்தை ஓர் அறிவித்தல் மாற்ற முயன்றதையும், அதனைத் தடுக்க மக்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்ததையும் நாம் கருத வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுத்தில் கூறப்பட வேண்டும் என்னும் சட்டக் கடமை இருப்பின் இத்தகைய மாற்றம் எளிதில் நிகழாது.

6. நமக்குரிய பணி

இத்துறை பொறியாளர்க்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியதன்று. திருப்பணியாளர் பலர் கடற்கரையூர்களிலும் குளத்தோரச் சிற்றூர்களிலும் மக்களோடு வாழ்கின்றனர். அரசாங்க ஆவணங்களை வாசித்து விளக்கக் கூடியவர்கள் அவ்வூர்களில் மிகச் சிலரே. இந்திய அறிவிக்கையின்படி பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். அச்சுருக்கத்தை வாங்கி, ஊர்க் கூட்டத்தில் வாசித்து, ஐயங்களை எழுதி அனுப்புவது எவராலும் செய்யக்கூடிய தொண்டு.

எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் ஐந்து வினாக்களை எழுப்புமாறு நாம் பரிந்துரைக்கிறோம். இதற்கு முன்பாகவே எடுக்கப்பட்டுவிட்ட முடிவு எது, அதனை எடுத்தவர் யார்? மாற்று வழிகள் மெய்யாகவே ஒப்பிடப்பட்டனவா, அல்லது பெயருக்குச் சேர்க்கப்பட்டனவா? இதே பகுதியில் வரவிருக்கும் மற்றத் திட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால் மொத்தச் சுமை எவ்வளவு? நன்மை பெறுவோர் யார், இழப்போர் யார், இழப்போர் கேட்கப்பட்டனரா? நிறைவேற்றிய பின்னர் விளைவுகளை யார் அளப்பார், அளந்ததை யாரிடம் அறிவிப்பார்?

இறையியல் மாணவர் தம் களப்பணியின்போது ஓர் ஊரின் நீர்நிலைகளையும், மேய்ச்சல் நிலத்தையும், மீன்பிடித் துறைகளையும், அவற்றை யார் எக்காலத்தில் பயன்படுத்துகின்றனர் என்பதையும் முதியோரிடம் கேட்டுக் குறித்துவைப்பார்களாயின், அக்குறிப்பு ஒரு நாள் பெருந்திட்டம் ஒன்றன் முன் சான்றாக வைக்கப்படலாம். வானிலிருந்து எடுத்த படம் காட்டாத கிணறுகளை அக்குறிப்பே காட்டும்.