கோச்சி கட்டும் பிள்ளைகள்

சிறுபிள்ளைகளுக்குப் பூட்டி விளையாடும் ரயில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மாங்கேணிக்கு ரயில் பாதை இல்லை. கோச்சி பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வாழைச்சேனைக்கோ கல்குடாவுக்கோ போக வேண்டும். ஆனாலும் எங்கள் ஊரில் எந்த வளவுக்குள் போனாலும் நாலு பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு 'கூ...' என்று ஓடுவதைக் காணலாம். கோச்சியில் ஒரு நாளும் ஏறாத பிள்ளைக்கும் கோச்சி என்றால் ஆசை.

எங்கள் முன்பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்கவென்று தாய்மார் சேர்ந்து பலகாரம் செய்து விற்றுக் கொஞ்சக் காசு சேர்த்திருந்தோம். பிள்ளைகளைக் கேட்டால் ஒரே பதில்தான்: "கோச்சி!" சரி, எந்தக் கோச்சி? இதற்காக நாங்கள் மூன்று கூட்டம் கூடிக் கதைத்தோம். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கதையா என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கதையில் நான் அறிந்துகொண்டவை மற்றத் தாய்மாருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கோச்சி

இலங்கையில் முதல் ரயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. மட்டக்களப்புக்குப் பாதை வந்தது 1928 இல். மாகோவில் பிரிந்து, கல்லோயாவில் திருகோணமலைக்கு ஒரு கிளை விட்டு, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று அது வருகிறது. ஓட்டமாவடியில் பழைய இரும்புப் பாலத்தில் கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் போன காலத்தை எங்கள் அம்மாமார் இன்னும் சொல்வார்கள். இப்போது வீதிக்குத் தனிப் பாலம் இருக்கிறது. போர்க் காலத்தில் கோச்சி வருடக் கணக்காக மட்டக்களப்புக்கு வராமல் நின்றதையும் நாங்கள் மறக்கவில்லை.

இன்று முன்பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் தாய்மாரில் பலர், 2004 இல் கடல்கோள் வந்தபோது சிறுமிகள். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது தாயின் கையைப் பிடித்து நடந்தவர்கள். அவர்களின் விளையாட்டுக் காலம் கூடாரத்துக்குள் போனது. எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து, "அக்கா, எங்களுக்குத்தான் ஒண்டும் கிடைக்கல்ல. எங்கட புள்ளைகளுக்காவது கடையில இருக்கிறதுக்குள்ள நல்லதா வாங்கோணும்" என்றாள். அவள் நினைத்தது லைட் எரிந்து, பாட்டுப் பாடி, தானாகச் சுற்றி ஓடும் பற்றரிக் கோச்சியை. அந்த ஆசை நியாயமான ஆசை. ஆனால் விலை கூடியதும் மினுங்குவதும்தான் பிள்ளைக்கு நல்லதா என்று நாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பூட்டும்போது பிள்ளை என்ன படிக்கிறது?

ஜெர்மனியில் 1837 இல் சிறுபிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃப்ரெடரிக் ஃப்ரோபெல், பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தவற்றில் மரக்கட்டைகளும் இருந்தன. கட்டுவதும் பிரிப்பதும் பிள்ளையின் படிப்பு என்று அவர் கண்டார்.

கோச்சிப் பெட்டிகளைக் கொழுவும்போது விரல்கள் பலப்படுகின்றன. பின்னர் பென்சில் பிடிக்கப் போவது அதே விரல்கள்தான். பாதைத் துண்டுகளைச் சேர்க்கும்போது எது வளைவு, எது நேர், இன்னும் எத்தனை வேண்டும் என்று பிள்ளை கணக்குப் பார்க்கிறது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் 'நீ தள்ளு, நான் பாலம் பிடிக்கிறன்' என்று பேசிப் பங்கிடப் பழகுகிறார்கள். முன், பின், மேல், கீழ், நீளம், கட்டை என்ற சொற்கள் எல்லாம் தானாக வாயில் வந்துவிடும்.

தானாகச் சுற்றும் கோச்சியில் பிள்ளைக்குச் செய்ய வேலை இல்லை. கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு விட்டுவிட்டுப் போய்விடும். பற்றரி முடிந்தால் கதையும் முடிந்தது.

கடையில் கிடைக்கும் மூன்று வகை

முதலாவது, மேலே சொன்ன பற்றரிக் கோச்சி. மெல்லிய பிளாஸ்ரிக் தண்டவாளம். பூட்டும் முனைகள் சில மாதத்தில் உடைந்தால் திருத்த முடியாது.

இரண்டாவது, கட்டையின் மேல் கட்டையை அமுக்கிப் பூட்டும் பிளாஸ்ரிக் வகை. டென்மார்க்கில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற ஓடாவி, பொருளாதாரம் விழுந்து வீடு கட்டும் வேலை குறைந்த காலத்தில், 1932 இல் மர விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார். அதுதான் இன்றைய லெகோ. சிறு பிள்ளைகளுக்காக 1969 இல் வந்த டுப்ளோ கட்டைகள் சாதாரண லெகோவைவிட நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை பொருந்தும். கழுவிக் காய வைக்கலாம். விலைதான் எங்களுக்கு எட்டாது. அதைப்போலச் செய்த மலிவான கட்டைகளும் விற்கிறார்கள். வாங்க முதல் இரண்டு கட்டையைப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். பெரியவரின் கைக்கே கஷ்டமென்றால் பிள்ளையின் கைக்கு அது சரிவராது.

மூன்றாவது, மரக் கோச்சி. சுவீடன் நாட்டில் 1884 இல் கூடை பின்னும் தொழிலோடு தொடங்கிய கம்பனிதான் பிரியோ. அவர்கள் 1958 இல் மரத் தண்டவாளத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு துண்டின் முனையில் முளை, மற்றதில் குழி. பெரிய வளைவுகள் எட்டைச் சேர்த்தால் ஒரு வட்டம். வேறு கம்பனிகளும் பெரும்பாலும் இதே அளவிலேயே செய்வதால், ஒருவரின் பெட்டி மற்றவரின் பாதையில் ஓடும். இது பெரிய வசதி. இந்த வருடம் பத்துத் துண்டு, அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் என்று சேர்க்கலாம். மூத்த பிள்ளை விளையாடி முடித்ததை இளைய பிள்ளைக்கும், பிறகு பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

உயிருக்கு ஆபத்தானவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். ஒன்றேகால் அங்குல (ஏறக்குறைய 32 மில்லிமீற்றர்) அகலமான சிறு குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் அந்த வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். கழன்று விழக்கூடிய சக்கரம், புகைபோக்கி, ஆணிமூடி எல்லாம் இதற்குள் அடங்கும். பந்து, மணி போன்ற உருண்டைப் பொருளென்றால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கும் பெரிதாக இருக்க வேண்டும். கடையிலேயே சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

பல மரக் கோச்சிகளில் பெட்டிகளை ஒட்டவைப்பது காந்தம். பிள்ளை இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடலை ஓட்டையாக்கிவிடும். காந்தம் மரத்துக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். வெளியில் வந்துவிட்டால் அந்தப் பெட்டியை உடனே எடுத்துவிடுங்கள்.

பொத்தான் போன்ற வட்டப் பற்றரி இன்னும் மோசமானது. தொண்டைக்குள் தங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே எரித்துப் புண்ணாக்கும். பற்றரி வைக்கும் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். காந்தமோ பற்றரியோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், 'வெளியில் போகும்' என்று காத்திருக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

நிறமும் ஈயமும்

பளிச்சென்ற நிறப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு உடம்புக்குள் போனால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்றுமே இல்லை. பெரிய பெயருள்ள பொருளென்றாலும் நம்பிவிட முடியாது. 2007 இல், பிள்ளைகள் மிகவும் விரும்பும் 'தோமஸ்' மரக் கோச்சிகள் ஏறக்குறைய 15 இலட்சம், பூச்சில் ஈயம் இருந்ததால் அமெரிக்காவில் திருப்பி எடுக்கப்பட்டன. நகத்தால் சுரண்டும்போது பூச்சு உரிந்து வந்தாலோ, கடும் மணம் அடித்தாலோ வாங்க வேண்டாம். பூச்சே இல்லாத மரம் எல்லாவற்றிலும் நல்லது.

ஊர் ஓடாவியின் கையால்

எங்கள் மூன்றாவது கூட்டத்தில் ஒரு மாமிதான் கேட்டா: "ஏன் பிள்ளைகள், இதைப் போய்க் கொழும்புக் கடையில தேடுறீங்க? நம்மட ஓடாவி செய்ய மாட்டாரா?"

செய்தார். கதவு, ஜன்னல் செய்து மிஞ்சிய தேக்கு, வேம்புத் துண்டுகள். எஞ்சின் ஒன்று, பெட்டி ஆறு. ஒவ்வொன்றும் பெரியவரின் உள்ளங்கை அளவு, ஆகையால் விழுங்க வழியில்லை. காந்தத்துக்குப் பதிலாக மரக் கொளுக்கியும் முளையும். சக்கரத்தை உள்ளிருந்து மர அச்சில் பசை போட்டு இறுக்கினார். மூலைகள் எல்லாவற்றையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து உருட்டினார். நாங்கள் பழைய சேலைத் துண்டால் ஒவ்வொன்றையும் துடைத்தோம். துணியில் நூல் மாட்டினால் அங்கே இன்னும் சிலாம்பு இருக்கிறது, திரும்பத் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். நிறம் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டதால் வீட்டில் இடித்த மஞ்சளைக் கரைத்து இரண்டு பெட்டிக்குப் பூசினோம். அது காலப்போக்கில் மங்கும், திரும்பப் பூசலாம்.

வளைவுத் தண்டவாளம் வெட்டுவது சிரமமான வேலை. அதனால் நேர்ப் பலகைகளில் மட்டும் இரண்டு தவாளிப்பு எடுக்கச் சொன்னோம். வளைவு வேண்டிய இடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் கீறிக்கொள்கிறார்கள்.

செய்விக்கும்போது ஒரு எச்சரிக்கை: பழைய கதவு, பழைய வள்ளம் இவற்றின் பூச்சுப் பூசிய பலகையைப் பிள்ளைகளின் சாமானுக்குப் பாவிக்க வேண்டாம். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். சாமான் வந்த பெட்டிப் பலகைகளில் மருந்து அடித்திருக்கலாம். இழுக்கும் கயிறு கட்டினால் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும்.

'அம்மாட பெட்டி'

எங்கள் முன்பள்ளியில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போய்விட்டா. வாழைச்சேனையில் இரவுக் கோச்சி ஏறிப் போனதைப் பிள்ளை பார்த்திருக்கிறது. அம்மம்மாதான் வளர்க்கிறா.

கோச்சி வந்த நாளிலிருந்து அவள் கடைசிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். "இது அம்மாட பெட்டி" என்று ஒருவரையும் தொட விடமாட்டாள். சுவரடியில் கொழும்பு, கதவடியில் வாழைச்சேனை. ஒவ்வொரு நாளும் கோச்சி கொழும்பிலிருந்து புறப்படும், வாழைச்சேனைக்கு வந்து நிற்கும், அவள் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். அம்மம்மா இதைக் கண்டு பயந்து, "ரீச்சர், புள்ள ஏங்கிப் போகுது. அதை எடுத்து மறைச்சு வைங்க" என்றா.

ரீச்சர் எடுக்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததை விளையாட்டில் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், அப்படித்தான் அது அவர்களுக்குத் தாங்கக்கூடியதாக வரும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தா. 'அம்மா நாளைக்கு வருவா' என்று பொய் சொல்லாமல், 'அம்மா வேலைக்குப் போயிருக்கிறா, போனில் கதைப்பா' என்று உண்மையைச் சொல்லச் சொன்னா. சில கிழமைக்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பெட்டியில் இன்னொரு பிள்ளையின் துணிப் பொம்மைக்கும் இடம் கிடைத்தது. "இவவும் வரட்டும், இடம் இருக்கு" என்றாளாம்.

பற்றரிக் கோச்சி சாவி போட்டால் ஓடும், முடிந்தால் நிற்கும். கையால் தள்ளும் கோச்சி எப்போது புறப்பட வேண்டும், எப்போது வந்து சேர வேண்டும் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கிறது. பெரியவர்கள் எடுத்த முடிவுகளுக்குள் வாழும் பிள்ளைக்கு அந்த உரிமை சின்ன விசயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோச்சி ஆண் பிள்ளைக்கு, சட்டி பானை பெண் பிள்ளைக்கு என்று வீட்டில் பிரிக்காதீர்கள். இரண்டையும் நடுவில் வையுங்கள். எங்கள் முன்பள்ளியில் பாலம் கட்டக் கெட்டிக்காரிகள் பெண் பிள்ளைகள்தான்.

கடன் வேண்டாம்

விளையாட்டுச் சாமானுக்காக நுண்கடனோ தவணைக் காசோ எடுக்கவே வேண்டாம். கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் பிள்ளைக்கு விளையாட்டு வராது. கழுவிய பால்மாப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, சிரட்டை எல்லாம் கோச்சிப் பெட்டிதான். தகரத்தின் கூர் விளிம்பு மட்டும் வேண்டாம்.

வாங்கினாலும் செய்வித்தாலும் இவற்றைப் பாருங்கள்:

1. பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா? மூன்றுக்குக் கீழ் என்றால் எல்லாத் துண்டும் பெரிதாக இருக்கிறதா?
2. சக்கரம், காந்தம், பற்றரி மூடி இழுத்தால் கழலுமா?
3. பூச்சு உரியுமா, மணக்குமா?
4. பிள்ளை தானே பூட்டிக் கழற்றுமா?
5. உடைந்தால் ஊரிலேயே திருத்தலாமா?
6. பிறகும் துண்டுகள் சேர்க்கலாமா?

தனியாக வாங்க முடியாவிட்டால் நாலு ஐந்து தாய்மார் சேர்ந்து ஒன்று செய்வியுங்கள். கிழமைக்கு ஒரு வீடென்று கோச்சி சுற்றி வரட்டும். மாதம் ஒரு தடவை எல்லாரும் இருந்து ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்து, சிலாம்பு இருந்தால் தேய்த்து, தளர்ந்த சக்கரத்தை இறுக்கி வையுங்கள். அதற்கு அரை மணித்தியாலம் போதும்.