பின்னால் நடந்தால் வேகமாக ஓடலாம்!

செங்கற்பட்டுப் பக்கம் நாற்று நடும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? குனிந்தபடி பின்புறமாகவே நகர்ந்து நடுவார்கள். முன்னால் போனால், நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துவிடுவார்கள்!

மாமல்லபுரம் கடற்கரையோரம் கரைவலை இழுப்பதும் இப்படித்தான். கடலைப் பார்த்து நின்று, கயிற்றைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, அடி அடியாகப் பின்வாங்குவார்கள்.

வயிற்றுப்பாட்டுக்காக இவர்கள் நடக்கும் நடை, ஓட்டக்காரர்களுக்கு இன்று ஒரு பயிற்சி!

முன்னோக்கி நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படுகிறது. பின்னோக்கி நடந்தால் கால்விரல்கள் முதலில் படும். குதிகால் பிறகுதான் இறங்கும். முன்தொடைத் தசைக்கு வேலை அதிகம். பின்னோக்கி ஓடும்போது முழங்கால் சில்லில் விழும் அழுத்தமோ குறைவு. முழங்கால் போனால் ஓட்டக்காரருக்கு எல்லாம் போயிற்று அல்லவா? அதனால்தான் முழங்கால் வலிக்காரர்களுக்கும் சிகிச்சைப் பயிற்சியாக இந்த நடையைச் சொல்லித் தருகிறார்கள்.

4 வாரம் இப்படி நடந்த பெண்களுக்குத் தொடையின் பின்பக்கத் தசை நன்றாக இளகியிருந்தது. அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஆராய்ச்சி இது.

வேகம் கூடுமா?

தென்னாப்பிரிக்காவில் இளம்பெண்கள் சிலர் 6 வாரம் பின்னோக்கி நடந்தும் ஓடியும் பழகினார்கள். பிறகு முன்னோக்கி ஓடியபோது, முன்னைவிடக் குறைந்த பிராணவாயுவே அவர்களுக்குச் செலவாயிற்று. இது 2005-ல் வெளிவந்தது. களைப்பு குறைந்தால் வேகத்தை விடாமல் ஓடலாம். ஆனால் இதை மட்டும் செய்து யாரும் பந்தயத்தில் ஜெயிக்க முடியாது. முன்னோக்கி ஓடிப் பழகத்தான் வேண்டும்!

பின்னோக்கி நடப்பதில் பெரிய ஆள் அமெரிக்கரான பிளென்னி விங்கோ. 1931-ல் புறப்பட்டவர், கப்பலில் கடல் தாண்டி, 1932-ல் துருக்கியின் இஸ்தான்புல் நகரம் வரை பின்னோக்கியே நடந்தார். பின்னால் வருவது தெரிய, மூக்குக் கண்ணாடியில் சின்னஞ்சிறு முகக்கண்ணாடிகளைப் பொருத்திக்கொண்டாராம்!

நமக்கு அவ்வளவு வேண்டாம். முதலில் 5 நிமிடம் போதும். விளையாட்டு மைதானமோ கடற்கரையின் கெட்டியான ஈரமணலோ நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் கூடவே கூடாது! அலைக்கு முதுகு காட்டி நடப்பதும் ஆபத்து. கடல் பக்கவாட்டில் இருக்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்களும் வயதானவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

துணைக்கு ஓர் ஆள் அவசியம். அவர் முன்னோக்கி நடந்து வர வேண்டும். "குழி இருக்கிறது, நில்!" என்று சொல்ல அவராவது வழியைப் பார்க்க வேண்டாமா?